தாள் கடினம், தண்டனை யாருக்கு?

“பேப்பர் செம டஃப்” என்று தேர்வுக்கூடத்திலிருந்து வெளியே வரும் மாணவர்கள் சொல்வதை ஆசிரியர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. படிக்காதவனுக்கு எல்லாத் தாளும் கடினம்தான் என்ற பதில் எப்போதும் கைவசம் இருக்கும். விடைத்தாள் திருத்தி முடித்து, மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றும்போதுதான் சங்கடம் தொடங்கும். அறுபது பேர் வகுப்பில் அதிகபட்சம் 71. சராசரி 38. குறைந்தபட்சம் 12. ஐம்பதைத் தொட்டவர்கள் பதினொரு பேர். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட வகுப்புதான். ஆனால் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திய எவருக்கும் இந்த எண்கள் புதிதாக இருக்காது. உடனே துறைத் தலைவர் அறையில் ஒரு பேச்சு நடக்கும். “எல்லாருக்கும் ஏதாவது போட்டு ஏத்தி விடுங்க சார், ரிசல்ட் முக்கியம்.” எவ்வளவு ஏற்றுவது, எந்தக் கணக்கில் ஏற்றுவது என்ற விவாதம் பத்து நிமிடத்துக்கு மேல் நீளாது.

ஏற்றத்தான் வேண்டும், அதில் எனக்குத் தயக்கமில்லை. அளவுக்கு மீறிக் கடினமான ஒரு தாள், அதைத் தயாரித்தவரின் பிழை. அதற்கு மாணவர் விலை கொடுக்கக் கூடாது. ஆனால் நம் கல்வி நிறுவனங்களில் இந்த ஏற்றம் இரண்டு விதமாகத்தான் நடக்கிறது. பிச்சை போடுவதுபோல எல்லோருக்கும் கருணை மதிப்பெண் கொடுப்பார்கள். இல்லையென்றால் மாணவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு வரிசைப்படுத்துவார்கள். ரிலேட்டிவ் கிரேடிங் என்று அதற்குப் பெயர். எப்படிச் செய்தாலும் வினாத்தாள் தப்பித்துக்கொள்கிறது. எந்தக் கேள்வி கெட்டது, ஏன் கெட்டது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆசிரியர் அறைகளில் புழங்கும் வழிகளை மேலே சொன்ன வகுப்பில் போட்டுப் பார்ப்போம். மிக எளியது, சமமாகக் கூட்டுவது. 71 எடுத்தவரை நூறாக்க 29 தேவை. அந்த 29-ஐ எல்லோருக்கும் கொடுத்துவிடுவது. சராசரி 38 இலிருந்து 67-க்குத் தாவிவிடும். கூடவே 21 எடுத்தவரும் ஐம்பதைத் தொட்டுத் தேறிவிடுவார். தாள் எவ்வளவுதான் கடினம் என்றாலும், அந்த 21-ஐ வைத்து அவருக்குப் பாடம் தெரியும் என்று சொல்ல நமக்கு எந்த ஆதாரமும் இல்லை.

உச்ச மதிப்பெண்ணை நூறாக வைத்து விகிதப்படி ஏற்றுவது இன்னொரு வழி. 71 நூறாகும், 38 ஐம்பத்து மூன்றரை ஆகும், 12 பதினேழாகும். முதல் மாணவருக்கு 29 கூடுகிறது, கடைசி மாணவருக்கு 5 கூடுகிறது. அதுகூடப் பரவாயில்லை, பாடம் அதிகம் தெரிந்தவருக்கு அதிகம் என்று வாதிடலாம். உண்மையான விபரீதம் வேறு; சமமாகக் கூட்டும் முறையிலும் அது உண்டு. அதே வகுப்பில் ஒரே ஒரு மாணவி 92 எடுத்திருந்தால்? தாள் அதே தாள். மற்ற 59 பேர் எழுதியதும் அதே விடைகள். ஆனால் அவர்களுக்குக் கிடைக்க இருந்த 29, எட்டாகச் சுருங்கிவிடும். அந்தப் பெண் நன்றாகப் படித்தது வகுப்புக்குச் செய்த துரோகம் என்றாகிவிடும். விடுதியில் அவளை என்னவெல்லாம் சொல்வார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

கணக்கு ஆசிரியர்களுக்குப் பிடித்தது வர்க்கமூல முறை. மதிப்பெண்ணின் வர்க்கமூலத்தை எடுத்துப் பத்தால் பெருக்க வேண்டும். 36 அறுபதாகும், 49 எழுபதாகும், 81 தொண்ணூறாகும். அழகான சூத்திரம். யாரும் நூறைத் தாண்ட மாட்டார், யாருக்கும் குறையாது, வரிசையும் கலையாது. ஆனால் அதிக ஆதாயம் யாருக்கு என்று பாருங்கள். 25 எடுத்தவர் ஐம்பதாகிறார். மொத்த வரிசையிலும் அவருக்குத்தான் அதிகம். 81 எடுத்தவருக்கு 9 மட்டும். வினாத்தாள் 25 எடுத்தவருக்குத்தான் மிகப் பெரிய அநீதி செய்தது என்று யார் கண்டுபிடித்தார்கள்? யாரும் இல்லை. அது வர்க்கமூலத்தின் சுபாவம், அவ்வளவுதான்.

உச்ச மதிப்பெண்ணை நம்பும் முறை எந்த எல்லைவரை போகும் என்பதற்கு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2012-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த ஒரு சம்பவம் போதும். கணினி அறிவியல் பேராசிரியர் பீட்டர் ஃப்ரோலிக், வகுப்பின் உச்ச மதிப்பெண்ணை நூறு சதவீதமாக வைத்து மற்றவர்களுக்கு விகிதப்படி வழங்குவது வழக்கம். அவருடைய மூன்று பாடங்களின் மாணவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். யாருமே தேர்வு எழுதாவிட்டால் உச்ச மதிப்பெண் பூஜ்யம். அப்படியானால் பூஜ்யம் எடுத்த எல்லோருமே முதலிடம். தேர்வு நாளன்று அனைவரும் அறைக்கு வெளியே கூடி நின்றார்கள். ஒரே ஒருவர் உள்ளே போய் உட்கார்ந்தாலும் திட்டம் குலைந்துவிடும் என்பதால், யாராவது நழுவுகிறார்களா என்று ஒருவரையொருவர் கண்காணித்தபடியே நின்றார்கள். கடைசிவரை யாரும் போகவில்லை. பேராசிரியர் சொன்ன சொல்லைக் காப்பாற்றி எல்லோருக்கும் நூறு கொடுத்தார். அடுத்த பருவத்துக்குள் விதியில் இருந்த ஓட்டையை அடைத்துவிட்டார். மாணவர்களின் ஒற்றுமையை மெச்சி இந்தக் கதையைச் சொல்கிறார்கள். எனக்கு இதில் தெரிவது வேறு. பாடத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் பாடத்தில் நூறு வாங்க முடிகிறது என்றால், அந்த எண் பாடத்தை அளக்கவே இல்லை. அது மாணவர்களுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டுமே அளந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையில் கணக்கு நேரடியானது. 91 முதல் 100 வரை ‘ஓ’, 81 முதல் 90 வரை ‘ஏ பிளஸ்’ என்று இறங்கி, 50 முதல் 60 வரை ‘பி’. 2021 விதிமுறை ஒப்பீட்டுத் தரநிலைக்கு மாறியது. ஒரு பாடத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தால், தேர்ச்சி பெற்றவர்களின் மதிப்பெண்களை மென்பொருளில் ஏற்றி, பாக்ஸ்-காக்ஸ் உருமாற்றம் என்ற புள்ளியியல் முறையால் சீராக்கி, அந்தப் பாடத்துக்கென்றே தர எல்லைகளை வகுக்கிறார்கள். முப்பதோ அதற்குக் குறைவோ என்றால் பழையபடி நிலையான எல்லைகள். (ஜார்ஜ் பாக்ஸ், டேவிட் காக்ஸ் என்ற இருவர் 1964-இல் வெளியிட்ட முறை இது. இரண்டு பெயரும் எதுகையாக ஒலித்ததால்தான் சேர்ந்து எழுதினார்கள் என்று புள்ளியியல்காரர்கள் மத்தியில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு.) ஒருபக்கமாகச் சரிந்து கிடக்கும் எண்களை மணி வடிவத்துக்கு அருகில் கொண்டுவருவதே அதன் வேலை. முப்பத்தொன்றாவது மாணவர் வேறு விருப்பப் பாடத்துக்கு மாறிக்கொண்டால் மீதி முப்பது பேரின் தலையெழுத்தும் மாறிவிடுகிறது என்பதையும் கவனியுங்கள்.

இதில் எனக்கு உறுத்துவது “தேர்ச்சி பெற்றவர்களின்” என்ற நிபந்தனைதான். தேர்ச்சி என்பது இங்கே நிலையான கோடு: அகமதிப்பீட்டையும் சேர்த்து மொத்தத்தில் 50 சதவீதம், அதிலும் செமஸ்டர் தேர்வில் குறைந்தது 45. தாள் கடினமாக இருந்தால் அந்தக் கோடு இறங்காது. இன்டர்னல் மதிப்பெண்ணை ஒதுக்கிவிட்டுப் பேசினால், நம் கற்பனை வகுப்பில் 49 பேருக்கு அரியர். கடினமான தாளால் அடிபட்டவர்கள் அவர்கள்தான். ஆனால் தாளின் கடினத்தைச் சரிக்கட்டும் என்று நம்பப்படும் முறை அவர்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கோட்டைத் தாண்டிய பதினொரு பேருக்குள் யார் ‘ஓ’, யார் ‘சி’ என்று பிரிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் பதினொருவரில் 52 எடுத்தவர், அறுபது பேரில் முதல் பதினொருவருக்குள் வந்தவர். சல்லடையில் தப்பியவர்களோடு மட்டும் ஒப்பிடப்படுவதால் கடைசித் தரம் வாங்கிக்கொண்டு போகிறார். முடிவு வெளியாகும் முன் கூடும் குழு மாடரேஷன் என்ற பெயரில் சில மதிப்பெண்கள் சேர்ப்பது பல்கலைக்கழகங்களில் உண்டுதான். எத்தனை, எந்தக் கேள்விக்காக என்ற விவரம் மாணவரை எட்டுவதே இல்லை.

ஐஐடிகளிலும் ஒப்பீட்டுத் தரநிலைதானே, அங்கே ஓடவில்லையா என்று கேட்பார்கள். சென்னை ஐஐடியில் ‘எஸ்’ தொடங்கி ‘ஈ’ வரை தரங்கள், தவறினால் ‘யூ’. ஆனால் அங்கே பாடம் நடத்துபவர், வினாத்தாள் எடுப்பவர், தர எல்லை முடிவுசெய்பவர் எல்லாமே ஏறக்குறைய ஒருவர்தான். தன் தாள் எங்கே கழுத்தை அறுத்தது என்று அவருக்குத் தெரியும். தேர்ச்சிக் கோட்டையே இறக்கவும் அவருக்கு இடம் உண்டு. இணைப்புக் கல்லூரி முறையில் பாடம் நடத்துபவர் ஒரு ஊரில், தாள் எடுப்பவர் இன்னொரு ஊரில், விடைத்தாள் திருத்துபவர் மூன்றாவது ஊரின் மதிப்பீட்டு முகாமில். மூவரும் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை. ஐஐடியின் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் தாங்கி நிற்கும் ஆசிரியரின் அதிகாரத்தை விட்டுவிட்டோம்.

இத்தனை பேருக்கு மேல் இந்தத் தரம் கூடாது என்று ஒதுக்கீடு வைத்தவர்களும் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004-இல் ‘ஏ’ வகைத் தரங்கள் 35 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றது. பத்தாண்டுகள் பார்த்துவிட்டு 2014-இல் கைவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் தன் தரத்தைப் பறித்துக்கொள்வார் என்று பயந்து படிக்கும் வகுப்பில் நோட்டுப் புத்தகம் கைமாறுமா?

சரி, பிறகு என்னதான் செய்வது? தாளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மொத்த மதிப்பெண்ணை எடுத்து வளைக்காமல், கேள்வி கேள்வியாக.

பொறியியல் செமஸ்டர் தாளின் அமைப்பு பலருக்கும் தெரியும். ‘பார்ட் ஏ’ பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள். ‘பார்ட் பி’ ஐந்து பதின்மூன்று மதிப்பெண் கேள்விகள், ஒவ்வொன்றிலும் இது அல்லது அது. ‘பார்ட் சி’ ஒரு பதினைந்து. இதில் ஒரு பதின்மூன்று மதிப்பெண் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். வகுப்பின் மொத்த மதிப்பெண் வரிசையில் முதல் பதினாறு பேரையும் கடைசிப் பதினாறு பேரையும் தனியே பிரியுங்கள். (அறுபதில் 27 சதவீதம் பதினாறு, ட்ரூமன் கெல்லி என்ற உளவியலாளர் 1939-இல் நிறுவிய அளவு, இன்றைக்கும் அதுதான் வழக்கு.) முதல் பதினாறு பேரின் சராசரி அந்தக் கேள்வியில் 10, கடைசிப் பதினாறு பேருடையது 2 என்றால், கேள்வி கடினமானது, ஆனால் நல்ல கேள்வி. தெரிந்தவரையும் தெரியாதவரையும் அது சரியாகப் பிரித்திருக்கிறது; அதைத் தொடக் கூடாது. முதல் பதினாறு பேர் 2, கடைசிப் பதினாறு பேர் 1 என்றால், அந்தக் கேள்வி எதையுமே அளக்கவில்லை. கடைசி வாரத்தில் அவசரமாக ஓட்டிய பகுதியிலிருந்து வந்திருக்கலாம், தரவு ஒன்று விடுபட்டிருக்கலாம், மூன்று மணி நேரத்தில் முடிக்க முடியாத நீளமாக இருக்கலாம். காரணம் எதுவானாலும் குற்றவாளி கேள்விதான்.

அப்படிப்பட்ட கேள்வி ஒன்று பிடிபட்டால், எல்லோருக்கும் மொத்தத்தை நூறிலிருந்து 87-ஆகக் குறைக்கலாம்; அந்தக் கேள்வியில் யாராவது ஏதாவது எடுத்திருந்தால் அதைத் தொடாமல் விட்டுவிடலாம். 44 எடுத்தவர் 87-க்கு 44 என்ற கணக்கில் ஐம்பதரை சதவீதத்தைத் தொட்டுத் தேறிவிடுவார். அந்தக் கேள்வியில் 11 எடுத்து மொத்தம் 71 எடுத்த மாணவி, எண்பத்தொன்றரைக்குப் போவார். யாருக்கும் வராத கேள்வியைப் போட்டுக் காட்டியதற்கான பலன் அவரிடமே இருக்கும். 12 எடுத்தவர் பதினான்குக்குப் பக்கத்தில் நிற்பார். இதுவும் விகிதப்படி ஏற்றுவதுதானே, உச்ச மதிப்பெண்ணை நூறாக்குவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று ஒருவர் கேட்கலாம். பெருக்கல் ஒன்றுதான். ஆனால் இந்த 87 தாளிலிருந்து வந்த எண். வகுப்பில் ஒருத்தி 92 எடுத்தாலும் அது மாறாது. அறையைப் புறக்கணித்தும் அதை வாங்க முடியாது. தோற்றவர், வென்றவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாள் எடுத்தவரின் பெயரோடு அந்தக் கேள்வி பதிவில் நிற்கும். அடுத்த ஆண்டு அதே கேள்வி உருமாறி வந்தால் கேட்க ஆள் இருக்கும்.

இது ஈடுசெய்யாத ஒன்று உண்டு. அந்தக் கேள்வியோடு நாற்பது நிமிடம் மல்லுக்கட்டி, தெரிந்த கேள்விகளை விட்டுவந்தவரின் நேரம் திரும்பாது. அதற்கு எந்தச் சூத்திரமும் கிடையாது.

இவ்வளவு தரவு யாரிடம் இருக்கிறது, யார் உட்கார்ந்து பார்ப்பது என்று ஆசிரியர்கள் கையை விரிக்க முடியாது. விடைத்தாளின் முகப்பிலேயே கேள்வி வாரியாக மதிப்பெண் எழுதக் கட்டங்கள் இருக்கின்றன. அதைவிட, என்பிஏ என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரத்துக்காகக் கடந்த பத்தாண்டுகளாக நம் ஆசிரியர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? ஒவ்வொரு இன்டர்னல் தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு கேள்வியிலும் எடுத்த மதிப்பெண்ணை எக்செல்லில் தட்டுகிறார்கள். ‘சிஓ அட்டெய்ன்மென்ட்’ (பாட இலக்குகளை எட்டிய அளவு) என்று பக்கம் பக்கமாக அச்சிட்டுக் கோப்பில் வைக்கிறார்கள். ஆய்வுக் குழு வந்து புரட்டிப் பார்த்துவிட்டுப் போன பிறகு அந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை. கெட்ட கேள்வியைக் கண்டுபிடிக்கத் தேவையான அத்தனையும் அந்த எக்செல்லில் ஏற்கெனவே இருக்கிறது. முதல் பதினாறு, கடைசிப் பதினாறு என்று பிரித்துச் சராசரி போட ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது.

பிழை எங்கே என்று பார்க்காமல் மொத்தமாக அள்ளிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நீட் தேர்வு நமக்கு இரண்டு முறை காட்டியிருக்கிறது. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழைகள் என்று அன்றைய மாநிலங்களவை உறுப்பினர் டி.கே.ரங்கராஜன் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கேள்விக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண்ணைத் தமிழில் எழுதிய எல்லோருக்கும் வழங்கச் சொன்னது. பிழை உண்மையானது, பாதிப்பும் உண்மையானது. ஆனால் அந்தக் கேள்விகளில் பலவற்றுக்குச் சரியாக விடையளித்தவருக்கும் அதே 196. ஏற்கெனவே 550 எடுத்த ஒருவர் இந்தக் கணக்கில் 746-க்குப் போவார். தேர்வின் மொத்தமே 720. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்து, பிறகு ரத்தும் செய்தது. தமிழ் மாணவருக்குக் கடைசியில் ஒன்றும் கிடைக்கவில்லை. கேள்வி வாரியாக ஆங்கிலத்தில் எழுதியவர்களின் விடைகளையும் தமிழில் எழுதியவர்களின் விடைகளையும் ஒப்பிட்டு, எந்தெந்தக் கேள்வியில் தமிழ் மாணவர் மட்டும் சறுக்கினார் என்று காட்டியிருந்தால், நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய ஒரு கோரிக்கை உருவாகியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். அந்தத் தரவு தேர்வை நடத்தியவர்களிடம் இருந்தது.

2024-இல் நேரம் பறிபோனதற்காக 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்தபோது 718, 719 என்ற மதிப்பெண்கள் முளைத்தன. ஒரு கேள்வியை விட்டால் 716, தவறாக எழுதினால் 715 என்று கணக்குப் போடத் தெரிந்த மாணவர்கள் அந்த எண்களைப் பார்த்ததும்தான் நாடே அதைப் பற்றிப் பேசத் தொடங்கியது. மதிப்பெண் ரத்தானது. ஜூன் 23-இல் மறுதேர்வு வைத்தபோது 813 பேர் மட்டும் வந்து எழுதினார்கள்.

ஒப்பீட்டில் இன்னொரு ஆபத்து, யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது. இதைத் தமிழரைப் போல விலை கொடுத்துத் தெரிந்துகொண்டவர்கள் குறைவு. இலங்கையில் 1970-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தலில், பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவர் 250 எடுக்க வேண்டியிருந்தது. சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 போதும். பிறகு மொழிவாரியாக மதிப்பெண்களைச் சமன்செய்யும் முறை, அதன்பின் மாவட்ட ஒதுக்கீடு என்று அது வடிவம் மாறியது. அரசியலை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் பார்த்தாலும் கோளாறு தெரியும். இரண்டு கூட்டத்தின் சராசரிகளைச் சமன்செய்வதற்கு முன், இரண்டு கூட்டமும் திறமையில் சமம் என்று முடிவுகட்டியாக வேண்டும். அப்படி முடிவுகட்டிவிட்டால், மதிப்பெண்ணில் இருக்கும் எந்த வேறுபாடும் தாளின் கோளாறாகவோ திருத்தியவரின் பாரபட்சமாகவோ மட்டுமே தெரியும். படித்து வாங்கிய 250, சலுகையால் வந்த 250 ஆகிவிடும். அந்தக் கணக்கு ஒரு தலைமுறை இளைஞர்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது வரலாறு. 2001 முதல் அங்கே உயர்தரத் தேர்வில், ஒருவரின் மதிப்பெண் கூட்டத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்க்கும் இசட் புள்ளி முறை நடப்பில் இருக்கிறது. அதிலும் 2011-இல் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் ஒரே கூட்டமாகச் சேர்த்துக் கணக்கிட்டுவிட்டு, 2012-இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு பிரித்துக் கணக்கிட வேண்டியதாயிற்று. (அங்கே உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் உச்ச நீதிமன்றம்.)

நம் கல்லூரிகளில் இது சிறிய அளவில் அன்றாடம் நடக்கிறது. ‘ஏ’ செக்‌ஷன் தாளை ஒருவர் திருத்துகிறார், ‘பி’ செக்‌ஷன் தாளை இன்னொருவர். ‘பி’யின் சராசரி பத்து குறைவு. உடனே பத்தைக் கூட்டிவிடுவதா? செக்‌ஷன்களைப் பெயரின் அகர வரிசையில் பிரித்திருந்தால் கூட்டலாம். இரண்டு பக்கமும் எல்லாவகை மாணவரும் கலந்திருப்பார்கள், வேறுபாடு திருத்தியவரின் கைதான். கட்-ஆஃப் மதிப்பெண் பார்த்து ‘டாப்பர்ஸ் செக்‌ஷன்’ என்று பிரித்திருந்தால் கூட்டக் கூடாது. எப்படிப் பிரித்தார்கள் என்று கேட்காமல் ஒரு எண்ணைக்கூடத் தொடக் கூடாது.

கடினமான அசைன்மென்ட், புராஜெக்ட் போன்றவற்றுக்கு இந்தத் தலைவலி எதுவுமே தேவையில்லை. தேர்வின் மூன்று மணி நேரம் போனால் போனதுதான். அசைன்மென்ட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். கம்பைலர் வடிவமைப்புப் பாடத்தில் ஒரு நிரலை எழுதச் சொல்லி, வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை என்றால், இழந்த மதிப்பெண்ணில் பாதியை மீட்கலாம் என்று சொல்லி, தவறைச் சுட்டிக்காட்டி, இன்னொரு வாரம் கொடுத்தால் முடிந்தது. 40-க்கு 14 எடுத்தவர் இரண்டாம் முறை முழுதாகச் செய்தால் 27. சூத்திரம் போட்டு ஏற்றிய 27-ஐவிட இந்த 27-க்குப் பின்னால் ஓடும் நிரல் ஒன்று இருக்கும். சாட்ஜிபிடி எழுதித் தந்துவிடுமே என்றால், முதல் முறையும் அது எழுதித் தந்திருக்கலாம். ஐந்து நிமிடம் எதிரில் உட்காரவைத்து இந்த வரி எதற்கு என்று கேட்டால் தெரிந்துவிடும். அறுபது பேருக்கு ஐந்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். ஆசிரியருக்கு அந்த ஐந்து மணி நேரத்தைக் கொடுக்காமல் ‘சிஓ அட்டெய்ன்மென்ட்’ தட்டச் சொல்லும் நிர்வாகங்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

எந்த முறையானாலும் தேர்வுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். 2017 ஏப்ரலில் சிபிஎஸ்இ உள்ளிட்ட வாரியங்கள் மாடரேஷனைக் கைவிடுவதென்று முடிவெடுத்தன. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது; மதிப்பெண்கள் வீங்கிக்கொண்டே போனது உண்மை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் அதற்குள் தேர்வு எழுதத் தொடங்கிவிட்டார்கள். பழைய முறை இருக்கிறது என்று நம்பி எழுதியவர்களுக்குப் பாதியில் விதியை மாற்றுவது நியாயமில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் மே மாதத்தில் தடுத்து, அந்த ஆண்டுக்குப் பழைய முறையே தொடர வேண்டும் என்றது. நம் கல்லூரிகளில் இன்டர்னல் தேர்வுக்கான ஏற்றம் இன்றும் தேர்வுக்குப் பிறகுதான் முடிவாகிறது. ரிசல்ட் எவ்வளவு வேண்டும் என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ற கூட்டல் தேடப்படுகிறது. பாடத்திட்டம் கொடுக்கும் முதல் நாளிலேயே, கேள்வி ஒன்று மேலே சொன்ன சோதனையில் தோற்றால் மொத்தம் குறைக்கப்படும், வேறு எந்த ஏற்றமும் கிடையாது என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். ரிசல்ட் பார்த்துப் பேரம் பேச இடமிருக்காது.

இதையெல்லாம் செய்தாலும் ஒரு பாடம் இன்னொன்றைவிடக் கடினமாகத்தான் இருக்கும். ஒரு கல்லூரியின் ‘ஏ’யும் இன்னொன்றின் ‘ஏ’யும் ஒன்றாகிவிடாது. வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் ‘ஏழுக்கு மேல் சிஜிபிஏ’ என்று ஒரே கோடு போட்டு வடிகட்டுகின்றன. அதனால் மதிப்பெண் பட்டியலில் மாணவரின் தரத்துக்குப் பக்கத்தில் அந்தப் பாடத்தின் இடைநிலைத் தரத்தையும் அச்சிட வேண்டும் என்பது என் யோசனை. தேறாதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்ட இடைநிலை. வகுப்பின் நடுவில் இருப்பவர் ‘சி’ வாங்கிய பாடத்தில் ஒருவர் ‘பி பிளஸ்’ என்றால் அதைப் படிப்பவருக்கு விளங்கும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் இடைநிலைத் தரங்களை வெளியிடுவதென்று 1996-இல் முடிவெடுத்து, முதலில் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டது. மாணவர்கள் அதைப் பார்த்துத் தாராளமாக மதிப்பெண் போடும் பாடங்களாகத் தேடிச் சேர்ந்தார்கள். மதிப்பெண் பட்டியலில் 2008 முதல் அச்சிடத் தொடங்கிய பிறகு, 2011-இல் இணையத்தில் வெளியிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். இங்கே செய்வதென்றால் பட்டியலோடு தொடங்கலாம். அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம்.